நஷ்டக்காரர் நடத்திய சிமெண்ட் ஆலை

மலருக்கு என் தொழிலில் முன்னோடி ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டதும், எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜப்பானின் சிமெண்ட் ராஜா என்று பெயரெடுத்த அசானோ சோஇச்சிரோ. கல்லூரியை விட்ட நாளிலிருந்து சிமெண்ட் தூசியில்தான் குப்பை கொட்டுகிறேன். வேறு யாரைச் சொல்வேன்!

1848-ல், இன்றைய தொயாமா மாநிலத்து ஹிமி பக்கம், ஒரு வைத்தியர் வீட்டில் பிறந்தவர். வைத்தியம் பிடிக்காமல் வியாபாரத்தில் இறங்கினார். நெசவு, சோயா சாறு, கதிரடிக்கும் கருவி என்று தொட்டதெல்லாம் கையைச் சுட்டது. ஊர்க்காரர்கள் அவர் பெயரையே சோன்இச்சிரோ என்று திரித்துக் கேலி செய்தார்களாம். சோன் என்றால் அவர்கள் மொழியில் நஷ்டம். 1871-ல் கடன் தொல்லை தாங்காமல் டோக்கியோவுக்கு ஓடிவந்து, தெருவில் சர்க்கரை போட்ட குளிர்ந்த தண்ணீர் விற்றுப் பிழைத்தார். பிறகு யோகோஹாமாவில் கரிக்கடை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. யோகோஹாமா கேஸ் ஆலையில் நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்தபின் மிஞ்சும் கோக் கரி, வாங்க ஆளில்லாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. டோக்கியோவின் ஃபுகாகவாவில் அரசாங்க சிமெண்ட் ஆலை ஒன்று இருந்தது. ஐரோப்பியர் வசமிருந்த போர்ட்லண்ட் சிமெண்ட் வித்தையை, உத்சுனோமியா சபுரோ என்ற பொறியாளர் 1875-ல் அங்கே கைகூட வைத்திருந்தார். அசானோ அந்தக் கோக்கை ஆலைச் சூளையில் எரித்துப் பார்க்கச் செய்தார். நன்றாகவே எரிந்தது! ஒருவன் குப்பை இன்னொருவனுக்கு எரிபொருள்; நடுவில் நம்மவருக்குக் காசு.

அரசாங்கம் ஆலையைக் கைகழுவ நினைத்தபோது, 1883-ல் குத்தகைக்கு எடுத்தார். மறு வருஷமே விலைக்கு வாங்கினார். கைகொடுத்தவர் ஷிபுசாவா எய்இச்சி. 2024-ல் வந்த பத்தாயிரம் யென் நோட்டில் இருப்பவர் அவர்தான்.

1903-ல் அசானோ ஜப்பானிலேயே முதல் ரோட்டரி கில்னை அங்கே நிறுவினார். பழைய சூளையில் அடுக்கி, எரித்து, ஆறவிட்டு, கையால் வெட்டி எடுக்க வேண்டும். இதுவோ சற்றே சாய்ந்து சுழலும் நீண்ட இரும்புக் குழாய். மேல் முனையில் மாவைக் கொட்டினால் கீழ் முனையில் கிளிங்கர் உருண்டு விழும், ராப்பகல் நிற்காது. ஆனால் உள்ளே ஓடும் காற்று நுண்ணிய மாவையும் வாரிக்கொண்டு புகைபோக்கி வழியே போய்விடும். ஃபுகாகவா வீடுகள்மேல் சாம்பல் கொட்டியது. ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1916 முடிவுக்குள் ஆலையை அகற்றுவதாக 1911-ல் கம்பெனி வாக்குக் கொடுக்கும்படி ஆயிற்று.

இந்த இடம் எனக்கு உறைக்கும். சூளையில் கார்பன் மோனாக்சைடு ஏறினால், வெடித்துவிடாமலிருக்க ஈ.எஸ்.பி. தானே நின்றுவிடும். நான் ஷிஃப்ட் பார்த்த ஓர் ஆலையில் ஒரு ராத்திரி அது மூன்று தடவை நின்றது. உற்பத்திக் கணக்குக்குப் பயந்து நான் சூளையை நிறுத்தவில்லை. காலையில் பக்கத்து ஊர் அம்மா ஒருவர் வற்றல் காயப்போட்ட பாயை அப்படியே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். வற்றல் எல்லாம் சாம்பல் நிறம். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அதே ஈ.எஸ்.பி.தான் அசானோவுக்கும் கைகொடுத்தது. கலிஃபோர்னியாவில் காட்ரெல் என்ற பேராசிரியர் உருவாக்கிய கருவி அது. உயர் மின்னழுத்தக் கம்பி தூசிக்கு மின்னேற்றும். தூசி எதிரே உள்ள தகட்டில் போய் ஒட்டும். தட்டி உதிர்த்து எடுக்கலாம். அங்கே ரிவர்சைடில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சிமெண்ட் ஆலையில் அது பலன் தந்திருந்தது. 1917-ல் ஃபுகாகவாவில் பொருத்தினார்கள். தூசி அடங்கியது, ஆலை இடம் பெயராமல் தப்பியது. ஊர் கூடிச் சண்டை போட்டிராவிட்டால் அந்தக் கருவியை அவர் அப்போதே வாங்கியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

அசானோ 1930 நவம்பரில் காலமானார். யோகோஹாமாவின் சுருமி பக்கம், அவர் முயற்சியில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஒரு ரயில் பாதை ஓடுகிறது. அதில் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயர் அசானோ.