விஸ்கி கற்கக் கடல் கடந்தவர்

ஜப்பானிய விஸ்கியின் தந்தை எனப் போற்றப்படும் மசதாகா டகெட்சுரு, 1894-ம் ஆண்டு ஹிரோஷிமா வட்டாரத்தில் டகெஹாரா என்ற ஊரில் பிறந்தார். அரிசியிலிருந்து ‘சாகே’ மது தயாரிப்பது அவரது குடும்பத் தொழில்.

படிப்பு முடிந்ததும் ஒசாகாவில் ஒரு மதுபானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் ஜப்பானில் விஸ்கி என விற்கப்பட்டதில் பெரும்பகுதி, சாராயத்தில் நிறமும் மணமும் கலந்த போலிச் சரக்கே. அசல் முறையைக் கற்றுவர 1918-ல் கம்பெனி அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்றார். ஏட்டுப் படிப்பு போதாது என்று வடிசாலைகளுக்கே சென்று தொழிலாளர்களுடன் வேலை பழகினார். கண்டதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அவர் கற்ற முறை இதுதான். பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். ‘பீட்’ என்னும் சதுப்பு நில எரிபொருளின் புகையில் அதை உலர்த்தி, அரைத்து, வெந்நீர் ஊற்றி இனிப்புச் சாறு இறக்குவார்கள். ஈஸ்ட் சேர்த்துச் சில நாள் புளித்ததும் செப்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சி வடிப்பார்கள். சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். தண்ணீருக்கு 100 டிகிரி வேண்டும். ஆகவே ஆவியில் சாராயமே மிகுதி. முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். அது தண்ணீர் போல் நிறமற்றிருக்கும். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பிறகே நிறமும் சுவையும் ஏறும்.

1920-ல் ஸ்காட்லாந்துப் பெண் ரீட்டாவை இரு வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி மணந்து ஊர் திரும்பினார். அனுப்பிய கம்பெனியிடமோ ஆலை கட்டப் பணம் இல்லை. 1923-ல் ஷின்ஜிரோ டோரியின் நிறுவனத்தில் சேர்ந்து, யமசாகியில் விஸ்கி ஆலை அமைத்தார். 1929-ல் அங்கிருந்து வெளிவந்த விஸ்கியின் புகை வாடை மக்களுக்குப் பிடிக்கவில்லை.

1934-ல் விலகி, வடக்கே ஹொக்கைடோ தீவில் யோய்ச்சி என்ற ஊரில் சொந்த ஆலை தொடங்கினார். அங்குள்ள குளிரும் ஈரமும் ஸ்காட்லாந்தை ஒத்திருந்தன. ஆனால் சரக்கு முதிரும்வரை கூலி கொடுப்பது எப்படி? உள்ளூர் ஆப்பிளை வாங்கிச் சாறு பிழிந்து விற்றார். அதுவும் சரியாக விலை போகவில்லை. ஆனாலும் அவசரப்பட்டுப் போலிச் சரக்கு கலக்காமல் காத்திருந்தார். 1940-ல் முதல் விஸ்கி வெளிவந்தது. பழச்சாறுக் கம்பெனி என்ற பழைய பெயரின் சுருக்கமே ‘நிக்கா’ என்ற புகழ்பெற்ற பெயராயிற்று.

உலகப் போரின்போது அந்நிய நாட்டவர் என்று ரீட்டா சந்தேகத்துக்கு ஆளானார். இருந்தும் கணவரை விட்டுப் போகவில்லை. 1961-ல் அவர் மறைந்தார். 1979-ல் டகெட்சுருவும் காலமானார். தங்கள் ஆலை இருக்கும் யோய்ச்சியிலேயே இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அந்த ஆலையில் இன்றும், அவர் ஸ்காட்லாந்தில் பழகியபடி, நிலக்கரி அடுப்பில்தான் கொப்பரை கொதிக்கிறது.