ஜான் ஹப்லி

ஜான் ஹப்லி (மே 21, 1914 – பெப்ரவரி 21, 1977) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அசைவூட்டப்பட இயக்குனர், ஓவியர், தயாரிப்பாளர் ஆவார். மிஸ்டர் மகூ என்னும் புகழ்பெற்ற கேலிப்படக் கதைமாந்தரின் முதற் படத்தை இயக்கியவர் இவரே. எழுதி வைத்த வசனம் இல்லாமல், அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதைப் பேசி நடிக்கும் முன்தயாரிப்பற்ற நடிப்பை ஒலிப்பதிவு செய்து, அதன் மீது படம் வரையும் முறையை இவரும் இவரது மனைவி ஃபெயித் ஹப்லியும் வளர்த்தெடுத்தனர். இவரது படங்கள் மூன்று முறை ஆஸ்கார் விருது பெற்றுள்ளன.

பிறப்பும் இளமையும்

ஹப்லி விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மரினெட் என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓவியம் பயின்ற இவர், 1935ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் பணிக்குச் சேர்ந்தார். ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும் (1937), பினோக்கியோ (1940), ஃபான்டேசியா (1940), டம்போ (1941), பாம்பி (1942) ஆகிய படங்களில் பின்னணி ஓவியம், காட்சி அமைப்பு போன்ற பணிகளைச் செய்தார்.

டிஸ்னி படங்களில் நடிப்புக்குச் சிறப்பான இடம் இருந்தது. எனினும் ஒவ்வோர் அசைவும் வசனமும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன. உருவங்கள் உண்மைத் தோற்றத்தை நெருங்க வேண்டும் என்பதே அங்கு நோக்கமாக இருந்தது. ஓவியத்தில் நவீனப் போக்குகளை விரும்பிய ஹப்லிக்கு இது நிறைவளிக்கவில்லை. 1941ஆம் ஆண்டு டிஸ்னி ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற இவர், அதன்பின் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தின் திரைப்படப் பிரிவில் பணியாற்றினார்.

யூபிஏ படக்கூடம்

டிஸ்னியிலிருந்து விலகிய கலைஞர்கள் சிலர் தொடங்கிய யூபிஏ நிறுவனத்தில் ஹப்லி முதன்மை இயக்குனர்களுள் ஒருவரானார். தட்டையான உருவங்கள், குறைந்த கோடுகள், துணிச்சலான வண்ணங்கள் ஆகியவற்றைக் கொண்ட புதிய பாணி இங்கு உருவானது.

1949ஆம் ஆண்டில் இவர் இயக்கிய ராக்டைம் பேர் என்னும் குறும்படத்தில் மிஸ்டர் மகூ முதன்முதலாகத் தோன்றினார். கண்பார்வை மங்கிய அம்முதியவர் ஒரு கரடியைத் தம் மருமகன் என்று எண்ணிக்கொள்வதே கதை. மகூவுக்குக் குரல் கொடுத்த ஜிம் பேக்கஸ், எழுதப்பட்ட வசனத்தோடு நில்லாமல் தாமாகவே பேசி முணுமுணுக்க ஹப்லி இடமளித்தார். அந்த முணுமுணுப்பே மகூவின் அடையாளமாயிற்று. இவர் இயக்கிய ரூட்டி டூட் டூட் (1951) ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கறுப்புப் பட்டியல்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரைத்துறையில் பொதுவுடைமைச் சார்பு உடையோர் எனக் கருதப்பட்டவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்தனர். ஹப்லியும் 1952ஆம் ஆண்டில் யூபிஏ நிறுவனத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தாம் உருவாக்கிய பாணியாலும் கதைமாந்தராலும் அந்நிறுவனம் புகழ் பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் அதை இழந்தார்.

பின்னர் ஸ்டோரிபோர்டு என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கித் தொலைக்காட்சி விளம்பரப் படங்களைத் தயாரித்தார். விளம்பரங்களில் பெயர் இடம்பெறாது என்பதால் இத்தொழில் இவருக்கு ஒரு மறைவிடமாக அமைந்தது. ஃபினியன்ஸ் ரெயின்போ என்னும் முழுநீள அசைவூட்டப் படத்தின் பணியும் 1955ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. 1956ஆம் ஆண்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டபோது, பிறரின் பெயர்களைக் கூற ஹப்லி மறுத்துவிட்டார்.

ஃபெயித் ஹப்லியுடன் இணைவு

1955ஆம் ஆண்டில் படத்தொகுப்பாளரான ஃபெயித் எலியட்டை மணந்தார். இருவரும் நியூயார்க் நகரில் குடியேறினர். விளம்பரத் தொழிலில் ஈட்டும் பொருளைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு சொந்தப் படமாவது எடுப்பது என்று உறுதி பூண்டனர். பெரிய படக்கூடமோ எழுத்தாளர் குழுவோ இல்லாத அவர்களுக்கு வீடும் குழந்தைகளும் நண்பர்களான ஜாஸ் இசைக் கலைஞர்களுமே கதைக்கு ஊற்றாயினர்.

முன்தயாரிப்பற்ற நடிப்பு

1956ஆம் ஆண்டு மேப்போ என்னும் தானிய உணவுக்காக எடுத்த விளம்பரத்தில் தம் மகன் மார்க்கின் குரலை ஹப்லி பயன்படுத்தினார். மூன்பேர்டு (1959) குறும்படத்திலோ ஒலிப்பதிவு முழுவதுமே அவருடைய இரு மகன்களின் விளையாட்டுப் பேச்சுதான். கற்பனைப் பறவை ஒன்றைப் பிடிக்க இரவில் இரு சிறுவர்கள் வெளியே செல்வது அதன் கதை. பேச்சில் உள்ள தயக்கம், உளறல், திடீர்ப் பாட்டு எதுவும் திருத்தப்படவில்லை. உருவங்களைத் தாளில் வரைந்து, சுற்றியுள்ள பகுதிக்குக் கறுப்பு பூசி, பின்னணி ஓவியத்தின் மீது இரட்டைப் பதிவாகப் படமெடுத்தனர். இதனால் உருவங்கள் ஒளி ஊடுருவுவன போலத் தோன்றின.

தி ஹோல் (1962) படத்தில் ஜாஸ் எக்காளக் கலைஞர் டிஸி கில்லெஸ்பியும் நடிகர் ஜார்ஜ் மாத்யூசும் கட்டடத் தொழிலாளர் இருவராகப் பேசினர். நிலத்தடிக் குழியில் வேலை செய்தபடி, தவறுதலாக ஓர் அணுகுண்டுப் போர் மூளக்கூடுமா என்று அவர்கள் வாதிடுகின்றனர். கியூபா ஏவுகணை நெருக்கடி ஏற்பட்டதும் அதே ஆண்டில்தான். தி ஹாட் (1964) படத்தில் கில்லெஸ்பியும் டட்லி மூரும் எல்லைக்கோட்டின் இரு புறமும் காவல் நிற்கும் வீரர்களாகப் பேசினர். ஒருவரின் தொப்பி மறுபுறம் விழுந்துவிடுவதே அதன் கதை. விண்டி டே (1968) படத்தில் மகள்கள் எமிலியும் ஜார்ஜியாவும் நாடகம் ஆடி விளையாடுகையில் திருமணம், பிறப்பு, இறப்பு பற்றிப் பேசுவது இடம்பெற்றது.

இம்முறையில் ஒலியே முதலில் வருகிறது. நீண்ட பதிவிலிருந்து உயிருள்ள பகுதிகளைத் தேர்ந்து தொகுத்த பின்னர், ஒவ்வோர் ஒலியும் எந்தச் சட்டகத்தில் விழுகிறது என்று அட்டவணை இடுவர். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். பத்து நிமிடப் படத்துக்கு 14,400 சட்டகங்கள் தேவை. ஓர் ஓவியத்தை இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 நிலைகள் வேண்டும். நடிப்பு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வரைவதற்கோ மாதங்கள் ஆகின்றன. மிக மெதுவாக உருவாகும் கலையில், ஒரு கணத்தில் தோன்றி மறையும் பேச்சின் இயல்பைக் காப்பதே இம்முறையின் பயன். தேர்ந்தெடுத்தலும் வெட்டுதலுமே இங்கு திரைக்கதை எழுதுதலின் இடத்தைப் பெறுகின்றன. நுண்ணிய உதட்டசைவும் பெருஞ்செலவும் இன்றிப் படம் எடுக்க முடியும் என்பதால், குறைந்த வசதி கொண்ட மாணவர்களுக்கும் இது ஏற்ற வழியாகும்.

கற்பித்தலும் இறுதிக் காலமும்

ஹப்லி இணையர் ஏல் பல்கலைக்கழகத்தில் அசைவூட்டம் கற்பித்தனர். உளவியலாளர் எரிக் எரிக்சன் வகுத்த மனித வாழ்வின் எட்டுப் பருவங்களைத் தழுவி எவ்ரிபடி ரைட்ஸ் தி கரோசல் (1975) என்னும் படத்தை உருவாக்கினர். அதிலும் நடிகர்கள் தாமாகப் பேசிய உரையாடல்கள் பயன்பட்டன. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மெரில் ஸ்ட்ரீப் அதில் குரல் கொடுத்தோருள் ஒருவர்.

வாட்டர்ஷிப் டவுன் படத்தை இயக்கத் தொடங்கிய ஹப்லி, இடையில் அப்பணியிலிருந்து விலக நேர்ந்தது. டூன்ஸ்பரி கேலிச்சித்திரத் தொடரைத் தழுவிய படத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தபோது, 1977ஆம் ஆண்டு பெப்ரவரி 21 அன்று இதய அறுவைச் சிகிச்சையின்போது காலமானார். அப்போது அவருக்கு வயது 62. ஃபெயித் ஹப்லியும் கேலிச்சித்திரக்காரர் கேரி ட்ரூடோவும் அப்படத்தை முடித்தனர். ஃபெயித் 2001இல் தாம் இறக்கும் வரை தொடர்ந்து படங்கள் எடுத்தார். மகள் எமிலி அசைவூட்டக் கலைஞராகவும் ஜார்ஜியா இசைக்கலைஞராகவும் விளங்குகின்றனர்.

தி ஹோல் படம் 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அரசியல் காரணத்தால் வேலை இழந்த ஒருவர் எடுத்த படம், அந்நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அரசாலேயே ஏற்கப்பட்டது.

ஆஸ்கார் விருது பெற்ற படங்கள்

மூன்பேர்டு (1959)
தி ஹோல் (1962)
ஹெர்ப் ஆல்பர்ட் அண்ட் த டிஜுவானா பிராஸ் டபுள் ஃபீச்சர் (1966)