பந்தும் வளைகோலும்

ஒரு விளையாட்டில் தேர்ந்தவருக்கு மற்றொன்று எளிதில் கைவருமா? இதற்கு விடை தேடினால் நம் தமிழகத்திலேயே ஒருவர் இருக்கிறார். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம். ஜே. கோபாலன்தாம் அவர்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிறந்த கோபாலன், சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். அவருடைய பந்துவீச்சைக் கண்ட ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை வாங்கித் தந்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவரும் அவரே. மைசூரைச் சென்னை அன்று ஒரே நாளில் வென்றது!

ஹாக்கியில் அவர் சென்டர் ஹாஃப். அந்த இடத்தில் நிற்பவருக்கு ஓய்வே இராது. தடுக்கவும் வேண்டும், உடனே முன்னணியினருக்குப் பந்தை அனுப்பவும் வேண்டும். வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசியவருக்கு அந்த மூச்சும் கால்வலிமையும் உதவியிருக்கும் என்றே எண்ணுகிறோம். கைப்பழக்கமோ வேறு. ஹாக்கிக் கோலின் தட்டையான புறத்தால்தான் பந்தை ஆடலாம். அக்காலத்தில் கோலைத் தோளுக்கு மேல் உயர்த்தினால் தவறு. கிரிக்கெட்டிலோ மட்டையை நன்றாகப் பின்னுயர்த்தி நேராக இறக்க வேண்டும். ஒன்றில் நல்ல பழக்கம், மற்றொன்றில் குறை. எறிபந்து பழகியவர்கள் வாலிபால் ஆட வந்தால், தட்ட வேண்டிய பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நம் மைதானத்திலேயே காணலாமே! வளையப்பந்து பழகியவர்கள் எறிபந்துக்கு வந்தால் அந்தத் தொல்லையில்லை. இரண்டிலும் பிடிப்பதுதானே வேலை.

கோபாலன் கிரிக்கெட்டில் முதன்மையாகப் பந்துவீச்சாளராகவே இருந்ததால், கோலும் மட்டையும் அவர் கையில் அதிகம் சண்டையிட்டிரா. சண்டை நாட்காட்டியில்தான் வந்தது. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற ஹாக்கி அணியில் அவரும் இருந்தார். அப்பயணத்தின் 48 ஆட்டங்களிலும் இந்தியாவுக்கே வெற்றி. 1936இல் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்கிற்கும், கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும் புறப்பட்டன. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது.

அவர் தவறாகத் தேர்ந்தார் என்போர் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பெர்லினின் முடிவு நமக்குத் தெரியும். கப்பலேறிய நாளில் அவருக்குத் தெரியாதே!

அதன்பின் வேறொரு டெஸ்ட் அவருக்கு வாய்க்கவேயில்லை. ஆயினும் 1950களில் சென்னையும் இலங்கையும் மோதத் தொடங்கிய கிரிக்கெட் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் சூட்டினர். 2003 டிசம்பரில், 94ஆம் வயதில், சென்னையில் அவர் காலமானார்.