நீட் இயற்பியலில் வரும் ‘மேயர் தொடர்பு’: சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு டாக்டர்

நீட் தேர்வுக்குப் படிக்கிற பலருக்கு வெப்ப இயக்கவியல்னாலே கொஞ்சம் பயம்தான். சூத்திரங்களை வரிசையாக மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். தேர்வறையில் எதை எங்கே போடுவது என்று முழிப்பார்கள். அப்படி மனப்பாடம் ஆகும் ஒன்றுதான் மேயர் தொடர்பு: சி.பி. – சி.வி. = ஆர். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இயற்பியல் பேராசிரியர் இல்லை. நீங்கள் ஆக நினைக்கிற மாதிரி, ஒரு டாக்டர்.

யார் இந்த மேயர்?

ஜூலியஸ் ராபர்ட் மேயர் 1814இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். டூபிங்கனில் மருத்துவம் படித்த மேயர், 1840இல் டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராக ஜாவா தீவுக்குப் போனார்.

அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பது வழக்கம். அப்படி எடுத்தபோது, கறுஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சிரை ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது. தமனியைத்தான் வெட்டிவிட்டோமோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

அப்புறம்தான் பொறி தட்டியது. வெயில் நாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அதிகம் ‘எரிக்க’ வேண்டியதில்லை. அதனால் ஆக்சிஜன் குறைவாகச் செலவாகி, மிச்சம் ரத்தத்திலேயே தங்குகிறது. அப்படியானால் உணவிலிருந்து வரும் ஆற்றல்தான் உடல் சூடாகவும் உழைப்பாகவும் மாறுகிறது. எதுவும் காணாமல் போவதில்லை. வெப்ப இயக்கவியலின் முதல் விதிக்கு அவர் வந்து சேர்ந்த வழி இது.

சூத்திரம் என்ன சொல்கிறது?

ஒரு மோல் வாயுவை மூடிய கலனில் ஒரு கெல்வின் சூடாக்குங்கள். கொடுத்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகிவிடும். அதே வாயுவை, நகரக்கூடிய பிஸ்டனுக்குக் கீழே மாறா அழுத்தத்தில் சூடாக்கினால் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அந்த வேலைக்கும் சேர்த்து வெப்பம் தரவேண்டும். கூடுதலாகத் தரும் அந்த 8.31 ஜூல்தான் ‘ஆர்’.

இந்த வித்தியாசத்தை வைத்தே வெப்பத்துக்கு ஈடான வேலையை மேயர் கணக்கிட்டார். குறிப்பிட்ட எடையுள்ள தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், அதே எடையை 365 மீட்டர் தூக்கும் வேலைக்குச் சமம் என்றார். இன்றைய மதிப்பு சுமார் 427 மீட்டர். வழி சரிதான், அன்று கிடைத்த தன்வெப்ப அளவுகள்தான் துல்லியமாக இல்லை.

கிடைத்தது என்ன?

1841இல் அனுப்பிய முதல் கட்டுரையை இயற்பியல் இதழ் வெளியிடவில்லை. மறு ஆண்டு வேதியியல் இதழ் ஒன்றில் புதிய கட்டுரை வந்தும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1845இல் சொந்தச் செலவில் நூல் போட்டார். இதற்கிடையே இங்கிலாந்தில் ஜூலின் சோதனைகள் பேசப்பட்டன. யார் முதலில் என்ற சண்டை எழுந்தது. 1848இல் இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்து இழந்தார். மனம் உடைந்து, மனநலக் காப்பகத்திலும் சில காலம் இருந்தார்.

1862இல் லண்டனில் ஜான் டிண்டால் ஆற்றிய உரைதான் மேயரை உலகுக்கு நினைவூட்டியது. ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1870இல் ஜூலுக்கும், 1871இல் மேயருக்கும் கிடைத்தது. 1878இல் சொந்த ஊரிலேயே காலமானார்.

மாணவர்களுக்கு என்ன பயன்?

எந்தக் கணக்கு வந்தாலும் மேயர் கேட்ட கேள்வியையே கேளுங்கள்: கொடுத்த வெப்பம் எங்கே போச்சு? பருமன் மாறாவிட்டால் வேலை பூஜ்ஜியம். நல்லியல்பு வாயுவில் வெப்பநிலை மாறாவிட்டால் அக ஆற்றல் மாற்றம் பூஜ்ஜியம். வெப்பப் பரிமாற்றமே இல்லாவிட்டால், வாயு செய்யும் வேலை அக ஆற்றலிலிருந்துதான் வரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இயற்பியலில் வாயு செய்யும் வேலை நேர்க்குறி, வேதியியலில் வாயுவின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. இதைக் குழப்பிக்கொண்டால், தெரிந்த கேள்வியிலும் மார்க் போய்விடும்.