மூன்று பவுன் வரியும் வள்ளியம்மையும்

தில்லையாடி வள்ளியம்மை என்றால் மேரு, கிள்ளான் பக்கத்துத் தோட்ட மக்களுக்குப் புதுப் பேர் இல்லை. ஜெயிலுக்குப் போய் உயிரைவிட்ட பிள்ளை என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எதுக்காகப் போனார் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22ல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் முனுசாமி முதலியார். தில்லையாடி என்பது தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள குடும்பத்துப் பூர்வீகக் கிராமம்.

அவர் கதை புரிய வேண்டுமானால், அதே நாட்டில் நேட்டால் என்ற பகுதியில் கரும்பு வெட்டிய நம் ஜனங்களின் கதை தெரிய வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அஞ்சு வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், அஞ்சாம் வருஷம் 14. பாஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திர ஆள். பேர் அப்படித்தான்! காய்கறி பயிரிட்டு, கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்றுப் பிழைத்தார்கள். ஆனால் வழியில் போலீஸ்காரன் மறித்தால், தோட்டத்திலிருந்து ஓடிவந்த ஆள் இல்லை என்று இவர்தான் நிரூபிக்கணும். இரவு 9 மணிக்கு மேல் டவுனில் நடந்தால் அதற்கும் பாஸ் கேட்பார்கள். அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில் விடுதலை பெற்ற கறுப்பு ஏழைகளும் இப்படித்தான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

1895ல் வந்த சட்டம் இன்னும் மோசம். ஒப்பந்தம் முடித்தவர் ஊருக்குத் திரும்பணும், இல்லையா, மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கணும். இரண்டும் வேண்டாமென்றால் வருஷத்துக்கு 3 பவுன் வரி. பிறகு 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும்கூட அதை நீட்டினார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 பவுன் 60 ஷில்லிங். 14 ஷில்லிங் சம்பளத்தில் நாலு மாசத்துக்கு மேலே உழைத்த காசு. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் 12 பவுன். பதினேழு மாசச் சம்பளம்! வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்தானே? கட்ட முடியாதவர் மறுபடி தோட்டத்துக்கே போய்ச் சேரணும். முதலாளிமாருக்கு வேண்டியதும் அதுதான் என்பது நம் எண்ணம்.

1913ல் இதை எதிர்த்துக் காந்தி போராட்டம் தொடங்கினார். அந்த வருஷம் மார்ச் மாசத்தில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பு சொல்லியிருந்தார். அதுவரை வீட்டிலிருந்த பெண்களும் கிளம்பிவிட்டார்கள். தமிழ்ப் பெண்கள் நியூகாசில் போய்ப் பேசியதில் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். கரும்புத் தோட்டங்களும் அடங்கின.

வள்ளியம்மையும் தாயாரும் அந்தப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒன்றைக் கவனிக்கணும். அந்தத் தலைவரி நேட்டாலில் உள்ளது. ஜோகன்னஸ்பர்க் இருப்பது டிரான்ஸ்வாலில். அவர் வீட்டுக்கு அந்த வரி கிடையாது. 1913 டிசம்பரில் மூன்று மாசக் கடுங்காவல் விதித்து, மேரிட்ஸ்பர்க் சிறையில் போட்டார்கள். பெண்களுக்குத் துணி வெளுக்கும் வேலை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு. வயது பதினைந்துதான்.

காய்ச்சல் கண்டது. ஜனவரியில் வெளியே வந்தபோது நெடுநெடுவென்றிருந்த பெண் எலும்பும் தோலுமாக இருந்தார். காந்தி வந்து பார்த்தார். 1914 பிப்ரவரி 22ல் உயிர் போனது. அவர் பதினாறு முடித்த நாளும் அதுவே.

அதே வருஷம் 3 பவுன் வரியை எடுத்துவிட்டார்கள். நம் முறைக் கல்யாணங்களும் செல்லும் என்றானது. ஜூலை 15ல், தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் முன், ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் அவர் கல்லறைக் கல்லைக் காந்தி திறந்து வைத்தார்.