பஸ் ஓட்டிய ஜி.டி. நாயுடு

ஜி.டி. நாயுடு என்றதும் ரேசரும் மோட்டாரும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அவர் முதலில் ஒரு டிரைவர். எங்கப்பா இந்த புதுச்சேரியில் டெம்போ ஓட்டுகிறார், சித்தப்பா வேன் கிளீனர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்தது நான் ஒருத்தன்தான். அதனாலேயே அப்படித் தோணுதோ என்னவோ.

கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் நாயுடு. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அதன்மேல் பைத்தியமாகிவிட்டார். கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் பார்ட் பார்ட்டாகக் கழட்டிப் போட்டுத் திரும்ப மாட்டினாராம்! நம்ம ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டரைக் கழட்டிவிட்டு நாம் முழிப்பதை நினைத்துப் பாருங்கள்.

1920-ல் ஸ்டேன்ஸ் துரை பண உதவி செய்ய, ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அதை ஓட்டியது அவரேதான். முதலாளியும் அவர், டிரைவரும் அவர். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்து, 1933 வாக்கில் சுமார் 280 பஸ்களாக ஆனது.

அவர் இன்றைக்கு வந்து லைசென்ஸ் கேட்டால்? 18 வயதில் நமக்குக் கார் லைசென்ஸ் கிடைக்கும். பஸ் ஓட்ட 20 வயது ஆகணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிந்திருக்கணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும். 2019 வரை எட்டாங்கிளாஸ் பாஸ் என்றும் ஒரு விதி இருந்தது. அப்போது கேட்டிருந்தால் நாயுடு அவர்களுக்கே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். எங்க சித்தப்பா அஞ்சாங்கிளாஸ். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வார், ஆனால் அந்த விதியால் கிளீனராகவே நின்றுபோனார். விதியை எடுத்த பிறகு, இந்த வயசுல எனக்கெதுக்குடா என்கிறார்.

டிரைவரின் கடமைகளும் சட்டத்தில் இருக்கு. விபத்து நடந்தால் ஓடிப்போகாமல் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். 2025 வரை இருந்த 1961 சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றும் அதில் இருந்தது. எங்கப்பா காலை 5 மணிக்குப் போனால் ராத்திரி 10 ஆகுது. எழுத்தில் இருப்பது ஒன்று, ரோட்டில் நடப்பது ஒன்று.

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மோட்டார் தயாரித்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தார். நாலு வருஷப் படிப்பு எதற்கு, இரண்டே போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் அவர் கட்சியா, அரசாங்கம் கட்சியா தெரியவில்லை.)

1974 ஜனவரியில் காலமானார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது, பழைய கார்களும் வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு அங்கே கூட்டிப்போக நம் மாணவர் சங்கம் ஏற்பாடு செய்தால் முதல் பெயர் என்னுடையது.