பிடியரிசிப் பள்ளியின் பிள்ளை

தந்தையை இழந்த குழந்தையை நாம் எத்தீம் என்று அழைக்கிறோம். அச்சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் இளகுகிறது. மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் வளர்ந்த ஓர் எத்தீமின் வரலாற்றை இன்று சற்றுச் சிந்தியுங்கள்.

1903 ஜூலை 15இல் பிறந்த காமராசருக்கு ஆறு வயதளவில் தந்தையார் குமாரசாமி காலமானார். தாயார் சிவகாமி அம்மையார் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசியால் நடைபெற்ற இலவசப் பள்ளியாகும். ஊர் தன் கடமையைச் செய்தது. எனினும் வீட்டின் வறுமையே வென்றது. பன்னிரண்டு வயதளவில் படிப்பு நின்றது. சிறுவன் மாமனின் துணிக்கடைக்குச் சென்றான்.

இதில் ஒரு பாடம் உண்டு. கட்டணமில்லாப் பள்ளி மட்டும் போதாது. பசித்த வயிறு பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்துவிடும்.

விடுதலைப் போரில் ஈடுபட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிருந்த அவர், 1954இல் சென்னை மாநில முதலமைச்சரானார். பிள்ளைகள் பாதிப் பொழுது பள்ளியிலும், மீதிப் பொழுது பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வகை செய்த 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை அவரது அரசு கைவிட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊராரின் நன்கொடையே அதற்குத் துணை நின்றது. பின்னர் அரசும் பொறுப்பேற்றது. விருதுநகரின் பிடியரிசி நாடெங்கும் உலையேறியது என்றே கூறலாம்.

1975 அக்டோபர் 2இல் அவர் மறைந்தார். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009இல் பிறந்தது. 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது.

உரிமை என்றால் என்ன? நம் வீடுகளில் வழங்கும் சொல்லில் கூறினால், அது ஹக்கு. தர்மம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது; இன்று கொடுக்கலாம், நாளை நிறுத்தலாம். ஹக்கு அவ்வாறன்று. அது கொடுத்தே தீரவேண்டிய கடன். உணவு, கல்வி, நோய்க்கு மருந்து, விளையாட ஓய்வு, அடியும் இழிசொல்லும் இல்லாத பாதுகாப்பு ஆகியவை ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய ஹக்குகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அவை சமம்.

வாசகர்களே! உங்கள் கடையில், பட்டறையில், அடுக்களையில் பள்ளி நேரத்தில் வேலை செய்யும் பிள்ளை எவரேனும் உண்டா? அவன் எத்தீமாக இருந்து, நீங்கள் சோறிட்டு ஆதரிப்பவராகவும் இருக்கலாம். அந்தச் சோறு நன்மையே. ஆனால் அதற்கு விலையாக அவனுடைய படிப்பை வாங்கிவிடாதீர்கள். காமராசர் முதல்வரானார் என்பதால் துணிக்கடை அவருக்குச் செய்த இழப்பு இல்லை என்றாகிவிடாது. அதை மறவாததனால்தான் அவர் பிறர் பிள்ளைகளுக்குச் சோறும் பள்ளியும் ஒருசேரக் கொடுத்தார். நாளைக் காலையில் அப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடுங்கள்.